ரத்தத்தில் கலந்தது

எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்தும், மேலே ஏலத்தோட்டங்களிலிருந்தும் குறைமாதப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் போய்ச் சேருகிற பெரியாஸ்பத்திரி. அவ்வளவு போதும்.

எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. கணவருக்குப் பொட்டிபுரம் பக்கம் தென்னந்தோப்பு. குடியிருந்தது போடியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில். முன்னறையில் மெஷின் போட்டு நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி, தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த அன்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். வந்த கையோடு, "இனிமே நீ மெஷின மிதிக்கக் கூடாது, தெரியிதா?" என்று பெல்ட்டைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தார். அவர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து அதை எடுத்து மாட்டிக்கொள்வேன்.

ஏழாம் மாதத்தில் கால் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது வழக்கந்தானே என்றார்கள். ஒரு காலையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது. தலை பிளந்துவிடும்போல வலி. போடி ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்பைப் பார்த்த சிஸ்டர், நம்பாமல் இன்னொரு தடவை பட்டையைச் சுற்றிப் பார்த்தார். வெளியே எட்டிப் பார்த்து, "ஆம்புலன்ச வரச்சொல்லுங்க, வெரசா!" என்று கத்தினார். அன்று சாயங்காலத்துக்குள் பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று கணவரிடம் சொன்னார்களாம்.

பையன். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

நான் அவனைப் பார்க்கச் சில நாட்கள் ஆயின. கொதிப்பு இறங்கும்வரை என்னை வேறு வார்டில் படுக்கவைத்திருந்தார்கள். பிறகு சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சைக்குழந்தைகள் வார்டின் வாசலிலேயே வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். நான் கழுவி முடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், "இன்னொரு தடவை" என்றார். தையல்காரியின் விரல்கள், ஊசி குத்திக் குத்தித் தோல் சொரசொரத்துப் போனவை. அவற்றை அன்று தேய்த்த மாதிரி அதற்கு முன் தேய்த்ததில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். தோல் அவ்வளவு மெல்லியது. உள்ளே ஓடுகிற ரத்தக்குழாய் நூல் நூலாகத் தெரிந்தது. மூக்கில் காற்றுக் குழாய். வாய் வழியாகப் பால் இறங்க ஒரு குழாய். தொப்புள்கொடி வெட்டிய இடத்தில் மருந்து ஏற்ற இன்னொன்று. பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டு அவன் உள்ளங்கையில் என் சுண்டுவிரலை வைத்தேன். பிடித்துக்கொண்டான்.

அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா என்னைவிட வயதில் இளையவர். நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"உங்க பிள்ளைக்கு நோய்னு ஒண்ணும் இல்லம்மா. சீக்கிரம் வந்துட்டான், அவ்ளோதான். ஆனா கிருமிய எதிர்க்கிற சக்தி அம்மாகிட்ட இருந்து கடைசி மாசங்கள்லதான் பிள்ளைக்குப் போகும். இவன் அதுக்கு முன்னாடியே வந்துட்டான். நம்ம கையில சும்மா இருக்கிற கிருமி, நம்மள ஒண்ணும் பண்ணாது. அதே கிருமி இவன் ரத்தத்துல கலந்துச்சுன்னா தாங்க மாட்டான். அதனாலதான் கையக் கழுவு, கழுவுன்னு உசிர வாங்குறோம்."

"பொழச்சுக்குவானா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு நல்லா இருக்கான். நான் ஒவ்வொரு நாளாத்தான் சொல்லுவேன்" என்றார்.

பக்கத்துப் பெட்டியில் ஒரு பெண்குழந்தை. என் மகனைவிட எடை கூடத்தான். ஆனால் ஆட்டமில்லாமல் கிடந்தது. அவ்வப்போது ஒரு கையும் காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். அதன் தாயைப் பால் எடுக்கும் அறையில்தான் முதலில் பார்த்தேன். வார்டை ஒட்டிய சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி நர்ஸிடம் கொடுப்போம். அவளுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. பிள்ளையைக் கொச்சு என்பாள்.

"பனிக்குடம் ஒடஞ்சதே எனக்குத் தெரியலக்கா" என்றாள். "காய் எடுக்கிற சீசன். மழையின்னா மழை. பிளாஸ்டிக்கப் போத்திக்கிட்டு நாள் முழுக்க நனைஞ்சுக்கிட்டே நிக்கிறோம். காலோட தண்ணி ஓடுது, மழைத்தண்ணின்னு நெனச்சேன். மறுநா சேலைய மாத்துன பொறகும் ஈரம். அப்பத்தான் பயம் வந்துச்சு. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஜீப்பு ஓடலன்னாங்க. மேல் சுட்டு நடுக்கம் எடுத்தப்பதான் எங்க வீட்டுக்காரரு யாரோ ஒருத்தர் ஜீப்பக் கெஞ்சிக் கொண்டாந்தாரு. எறங்க எறங்க ஒவ்வொரு வளைவுலயும் உசிரு போயி வந்துச்சு."

பனிக்குடம் உடைந்து வெகுநேரம் கழித்துப் பிறந்ததால், கிருமி வயிற்றுக்குள்ளேயே ஏறிக் குழந்தையின் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். மூளை வரைக்கும் போயிருக்கலாம், எதற்கும் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் அதைச் சொன்னபோது அழவில்லை. கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாள்.

எனக்குப் பால் வரவில்லை. கொதிப்பும் கொடுத்த மருந்துகளும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். கிண்ணத்தின் அடியில் நாலு சொட்டு தேறினால் பெரிது. அந்த வார்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. மிகுதியாகச் சுரக்கிற தாய்மாரிடம் பால் வாங்கி, சோதித்து, சூடுபண்ணிக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, பால் இல்லாத தாயின் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். நான் மயக்கத்தில் கிடந்த நாட்களில், அந்தப் பாலைக் கொடுக்கச் சம்மதமா என்று என் வீட்டாரிடம் கேட்டிருக்கிறார்கள். மதினி முடியாது என்றிருக்கிறார். இதை ஒரு நர்ஸ் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெளியே மரத்தடியில் மதினியைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆமா, வேணாம்னுதான் சொன்னேன். எவ பாலுன்னே தெரியாம எம் தம்பி பிள்ளைக்கு ஊத்தச் சொல்றியா? அவளுக்கு என்ன சீக்கோ, என்ன எழவோ. டப்பாப் பாலுன்னா கடையில சீல் வச்சு வருது. சுத்தமா இருக்குமேன்னுதான் சொன்னேன்."

"சோதிச்சுத்தானே குடுப்பாங்க மதினி?"

"எனக்கென்னத்தா தெரியும்? நல்லதுக்குத்தானே சொன்னேன்."

அவர் கண்கள் சிவந்திருந்தன. பல நாட்களாக ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவர். கணவரை நேராக நர்ஸிடம் கூட்டிப்போய்ச் சம்மதம் என்று சொல்லவைத்தேன். அதுவரை அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பவுடர் பால்தான் போயிருந்தது. அடுத்த வாரம் எனக்கே ஊறத் தொடங்கியது.

பிறகு நல்ல நாட்கள் சில வந்தன. தொப்புள் குழாயை எடுத்துவிட்டு, கையில் மெல்லியதாக ஒன்று போட்டிருந்தார்கள். மூக்குக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். தானாகவே மூச்சு விட்டான். எடை ஏறியது. ஒரு முற்பகலில் என்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, ரவிக்கையின் முன்பக்கத்தைத் திறந்து, அவனை வெறும் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டவைத்துத் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். தவளைக்குஞ்சு மாதிரி காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். அவன் தலை என் கழுத்துக்குழியில் சரியாகப் பொருந்தியது. சாண் கணக்கில், விரல் கணக்கில் அவன் தோளை, கையை அளந்தேன். வீட்டுக்குப் போனதும் மல்துணியில் அவனுக்குச் சட்டை வெட்ட வேண்டும். தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்தால் தோலில் உரசாது. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தோட்டத்துப் பெண் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குழந்தைக்கு இன்னும் மருந்து மாற்றி மாற்றி ஏறிக்கொண்டிருந்தது. "ஒங்களுக்குப் பரவாயில்லக்கா, வீட்டுக்குப் போயிருவீக" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மதினியும் அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பொட்டப்பிள்ளதான் பாவம். தேறாது போல" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் பாலோடு போனபோது நர்ஸ் கிண்ணத்தை வாங்கவில்லை. முந்தின வேளை கொடுத்த பால் செரிக்காமல் பச்சையாகக் குழாயில் திரும்பி வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார். நான் எட்டிப் பார்த்தேன். அவன் நிறம் மாறியிருந்தது. வெளுப்பும் நீலமுமாகத் தோலில் வலை விழுந்த மாதிரி இருந்தது. உள்ளங்கையில் விரலை வைத்தேன். குளிர்ந்து கிடந்தது. பிடிக்கவில்லை.

"டாக்டரம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. அவர் அதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். திரும்பவும் ஓடி வந்தார். கையில் இருந்த குழாயை எடுத்தார்கள். சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். எடுக்கவே ரத்தம் வரவில்லை. மூச்சு நின்று நின்று வந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட்டார்கள். இதுவரை கொடுத்த மருந்தை நிறுத்தி வேறு மருந்து, அதற்குமேல் இன்னொன்று.

"என்னாச்சு? நேத்து நல்லாத்தானே இருந்தான்?" என்று கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ரத்தத்துல கிருமி கலந்திருச்சுங்க. இந்தப் பிள்ளைகளுக்கு அப்பிடித்தான், நேத்து இருந்தது இன்னைக்கு இருக்காது. எந்தக் கிருமின்னு தெரிய ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது, எல்லாத்துக்கும் சேத்து மருந்து குடுக்கிறோம்."

சோதனை முடிவு வரும்வரை அவன் இருக்கவில்லை. ஊசி குத்திய இடங்களில் எல்லாம் ரத்தம் கசியத் தொடங்கியது. மறுநாள் மத்தியானம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "மெஷின் மட்டுந்தான் ஓடுதும்மா. தூக்கி வச்சுக்கிறீங்களா?" என்றார். குழாய்களைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தில் ஒன்றும் இல்லாமல் அவனை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். என் கணவரின் மோவாய் அப்படியே இருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. தோட்டத்துப் பெண் வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் சத்தமாக அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பால் கட்டி ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது.

தோப்பில் புதைத்தார்கள். கணவர் தனியாகவே குழி வெட்டினாராம். யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லையாம்.

ரத்தக்கொதிப்பைக் காட்ட நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மதினியும் வந்தார். முடிவு வந்துவிட்டது என்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். கிருமியின் பெயர் ஒன்றைச் சொன்னார். ஆஸ்பத்திரிகளிலேயே வளர்ந்து, பாதி மருந்துக்குப் பணியாமல் போன வகை என்றார். அந்தப் பெயர் எனக்கு அப்போதே மறந்துவிட்டது.

மதினி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு கேட்டார்.

"தாயி, ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்கு அந்தப் பால வேணாம்னேனே, அதுனாலயா?"

டாக்டரம்மா நாற்காலியை மதினி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

"பவுடர் பால் குடிக்கிற குறைமாசப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கூடுதலா வரும்மா. அது உண்மை. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. எடை கம்மி. சீக்கிரம் பொறந்தான். மூக்குல, வாயில, கையில குழாய். ரொம்ப நாள் இங்கேயே இருந்தான். வார்டுல பிள்ளைங்க கூட்டம், பாக்கிற கை கம்மி. அந்தக் கையில இருந்த குழாய நான்தான் போட்டேன். அது இல்லாம மருந்தும் சத்தும் ஏத்தியிருக்க முடியாது. அது வழியாவே கிருமி போயிருக்கவும் செய்யலாம். எது வழியா போச்சுன்னு எனக்கும் தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

"அப்ப நானாவும் இருக்கலாம்" என்றார் மதினி.

"நானாவும் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

பஸ்சில் வரும்போது மதினி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். போடி வரும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

எனக்குப் பால் நிற்கவில்லை. மார்பு கல்லாகக் கனத்தது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டு, வற்றிவிடும் என்றார்கள் தெருவில். நான் பூவை வாங்கி வைத்துக்கொண்டு கட்டாமலே இருந்தேன். மதினிதான் ஒரு நாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து மூடிபோட்ட சின்னச் சின்னக் குப்பிகளும் ஒரு ஐஸ் டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"கையக் கழுவிட்டு எடுத்து வையி. நான் கொண்டுபோயிக் குடுத்துட்டு வர்றேன்."

அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. பால் தானாக வற்றும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் அவர் பஸ் ஏறினார். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, யார் இடித்தாலும், "பாத்து, பாத்து, பாலு இருக்கு" என்பாராம். எந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

தோட்டத்துப் பெண்ணின் குழந்தை தேறிவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. கைகால் வெட்டி இழுப்பது நின்று, கண் திறந்து, மெல்ல மெல்லப் பால் குடித்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கெடுதல் நினைக்கவும் இல்லை. மெஷினில் உட்கார்ந்து அன்று நிறையத் தைத்தேன்.

மறுபரிசோதனைக்கு இறங்கி வரும்போதெல்லாம் அவள் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். மேலே போகிற ஜீப்பு ஆள் சேர்ந்து கிளம்பும்வரை, வெயிலில் நிற்காமல் என் முன்னறையில் உட்கார்ந்திருப்பாள். முதல் தடவை வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமாக்கா? ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல?" என்றாள். சங்கடமாகத்தான் இருந்தது. வா என்றேன். மதினி குழந்தையைத் தூக்கவில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பிறகு அவளுக்கு மட்டும் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தார்.

அந்தக் குழந்தைக்குத் தவழும் வயது. ஒரு நாள் மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெட்டிப் போட்ட துணித்துண்டுகளை அளைந்துகொண்டிருந்தது. மதினி கொண்டுவந்த வெண்கலத் தாம்பாளம் கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. தெருவில் போன நாய்கூடத் துள்ளி ஓடியது. குழந்தை அசையவில்லை. சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்தது.

நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். மதினி தாம்பாளத்தை எடுத்து, குழந்தைக்குப் பின்னால் வைத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார்.

"போதும் மதினி" என்றேன்.

"வீட்டுலயும் கூப்புட்டா திரும்ப மாட்டேங்கிது" என்றாள் அவள். "தூங்கி எந்திரிச்ச அசதின்னு நெனச்சேன். காதுக்கு ஒரு சோதனை இருக்கு, வான்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. அன்னைக்கு மழை, மேல ஜீப்பு ஓடல. அப்பறம் நல்லா வெளையாடிக்கிட்டுத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

மறுநாளே போனோம், நான், அவள், மதினி மூவரும். இரண்டு காதும் பெரும்பாலும் கேட்கவில்லை என்றார்கள். மூளைவரை போன கிருமி கெடுத்திருக்கலாம். கிருமியைக் கொல்லக் கொடுத்த மருந்தும் கெடுத்திருக்கலாம். பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பதிலை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினாள். "பொழச்சிருச்சு, பொழச்சிருச்சுன்னு சொன்னாங்களேக்கா! என்னத்தக் குடுத்து பொழச்சதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மதினி குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதுதான் முதல் தடவை. அவள் கத்தி முடிக்கும்வரை முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார்.

எங்களுக்கு அப்புறம் பிள்ளை உண்டாகவில்லை. அதைப்பற்றி வீட்டில் பேச்சும் இல்லை. கணவர் தோப்புக்குப் போகிறார், வருகிறார். மதினிக்கு இப்போது முட்டி பிடித்துக்கொண்டு, மாடிப்படி ஏற முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

அந்தப் பெண்குழந்தைக்குக் காதுக்கருவி மாட்டியிருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் கீழே வர வேண்டும். தாய்க்குத் தோட்டத்தில் சோலி இருக்கும் நாட்களில் நான் கூட்டிப்போகிறேன். என்னை ஒரு மாதிரி மூக்கால் "அத்த" என்கிறாள். அது அத்தையா, அக்காவா என்று நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை.

சென்ற வாரம் அவளைக் கொண்டுபோய் விட ஜீப்பில் மேலே போனேன். லோடு ஏற்றின மாதிரி ஆட்கள். கொண்டைஊசி வளைவுகளில் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். அவள் முகத்தைச் சுளித்தாள். கருவி எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோலப் பெரிதாக்கிக் காட்டுமாம். இரண்டு காதிலிருந்தும் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு என் மடியில் சாய்ந்து, போடிமெட்டுக்குப் போய்ச் சேரும்வரை வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.